ஊற்றுக்காட்டுக் கம்புகள்

பூமியைக் காக்கும் பொறுப்பைக் காலம் ஒரு சில உத்தமர்களின் தோளில்தான் ஏற்றிவைக்கிறது. இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு, ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்கில், அந்தத் தோள் தோட்டப் பள்ளிக்கூடத்து ஜோர்ஜ் மாஸ்டருடையதாக இருந்தது. ஜூன் மாதம் ஐந்தாம் திகதி காலை, அந்தத் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, முகம் கழுவத் தண்ணீர் இல்லாமல் அவர் வாசலில் நின்றார்.

"மார்கிரட், ஒரு கோப்பைத் தண்ணிகூடவா இல்ல? இன்னைக்கு உலக சுற்றாடல் தினம்."

"அது பீலிக்குத் தெரியலியே" என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி. "நேத்து அந்தியிலருந்து நூலாத்தான் வருது. புடிச்சு வச்சதெல்லாம் புள்ளைக் காம்பராவுக்கு. பிளாஸ்க்ல சுடுதண்ணி இருக்கு, துவாய நனைச்சுத் தொடச்சுக்குங்க."

மார்கிரட்தான் மேக்கணக்கின் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விடிந்ததும் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். பால்மா கரைக்க, போத்தல் கழுவ, ஈரத்துணி அலச, எல்லாவற்றுக்கும், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், ஊற்றுநீர் விழச் சரிவில் சொருகியிருந்த ஒரே பீலிதான். பீலிக்கு மேலே, வெள்ளைக்காரத் துரைமார்கூடத் தேயிலை போடாமல் விட்டுவைத்த ஒரு துண்டுக்காடு. ஆட்கள் அதை ஊற்றுக்காடு என்பார்கள். காடு என்றால் பெரிய காடில்லை. ஆனால் கார்த்திகையில் வர வேண்டிய மழை தையில் வந்து, கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போன அந்த வருடத்தில், பீலி நிற்காமல் ஓடியது அந்தக் காட்டின் புண்ணியத்தால்தான்.

"இங்க பாருங்க" என்றாள் மார்கிரட், கழுத்துப்பட்டியோடு மல்லாடிக்கொண்டிருந்தவரிடம். "மூணு நாளா ஊத்துக்காட்டுல கோடாலிச் சத்தம் கேக்குது. எத்தன தடவ சொல்லிட்டேன்."

"அதக் கடுமையாக் கண்டிச்சிருக்கேன். பேச்சோட நாலாம் பக்கத்துல வருது."

"கண்டிக்க வேணாங்க. அங்க யாரும் கை வைக்கக் கூடாதுன்னு தொரை வாயால ஒரு வார்த்தை சொல்ல வைங்க. அது போதும்."

"தொரை விழாவுக்கு வரல. கூடாரமும் பிஸ்கட்டும் அனுப்பியிருக்காரு. அப்புறம், உலகப் பிரச்சினை பேசுற எடத்துல பீலி, வாளின்னு பேசினா கேக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

உலகப் பிரச்சினையைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டார்.

இந்த விழா மேக்கணக்குக்குப் புதிதல்ல. வருடா வருடம் ஜூன் ஐந்தில் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரமாக ஐம்பது கன்றுகள் நடப்படும். ராகலைப் பக்கம் ஜூன் என்றால் மழை அந்தப் பக்க மலையோடு நின்றுவிட, வெறும் காற்று மட்டும் இந்தப் பக்கம் இறங்கிவரும் காலம். மழை ஐப்பசிக்கு மேல்தான். இது மேக்கணக்கில் எல்லோருக்கும் தெரியும், ஜோர்ஜ் மாஸ்டருக்கும் தெரியும். ஆனால் உலகம் ஜூன் ஐந்தில் கொண்டாடும்போது மேக்கணக்கு மட்டும் ஐப்பசியில் கொண்டாட முடியுமா? ஆகவே கன்றுகள் காயும். காயாததை மாடு மேயும். அடுத்த வருடம் அதே குழிகளில் புதுக் கன்றுகள் வரும். நாலைந்து வருடத்தில் அங்கே நன்றாக வளர்ந்திருந்தவை குழிகள் மட்டுமே.

இந்த வருடம் மாட்டுக்கு ஒரு முடிவு கட்டுவதென்று மாஸ்டர் தீர்மானித்திருந்தார். கன்றுக்கு ஒரு கூண்டு. எல்லா ஏற்பாட்டையும் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் பேச்சு எழுத உட்கார்ந்துவிட்டார்.

மார்கிரட் காம்பராவுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில், உதவிக்கு இருந்த பேச்சியம்மா வெறும் வாளியோடு திரும்பி வந்தாள்.

"அக்கா, நூலும் அந்துபோச்சு. சொட்டு இல்ல."

"புடிச்சு வச்சது?"

"ஒரு தடவ பால் கரைக்கலாம். அதுக்கப்புறம் அழுறதுகளுக்கு என்னத்தக் குடுக்குறது?"

மார்கிரட் மூலையில் கிடந்த மம்பட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். மரம் திருடுகிறவன் எவனாக இருந்தாலும் அவனுடைய ஏழு தலைமுறைக்கும் போதுமான ஏச்சை ஏறும்போதே தயார் செய்துகொண்டாள். மாதாவிடம் முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

ஊற்றுக்காட்டில் வெட்டுப்பட்ட அடிக்கட்டைகள் வெள்ளை வெளேரென்று நின்றன. கையளவு பருமனில் நேராக வளர்ந்திருந்த இளமரம், முள்முருங்கை உட்பட, ஒன்றுகூட மிச்சமில்லை. வெட்டியதைத் தூக்கிப் போயிருந்தாலாவது பரவாயில்லை. கட்டுக்கட்டாகக் கட்டி, ஊற்றுக்கண்ணுக்கு மேலாகவே இழுத்திருந்தார்கள். கரை உடைந்து, காய்ந்த மண் சரிந்து, ஊற்றை மூடிக் கிடந்தது. அவள் மம்பட்டியால் வழித்தாள். வழிக்க வழிக்க மேலிருந்து சரிந்தது. ஒரு ஆள் வேலையில்லை என்று விளங்கியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

கம்புகளை இழுத்த தடம் தெளிவாகத் தெரிந்தது. மார்கிரட் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தடம் தேயிலைக்குள் நுழைந்து, லயத்தைச் சுற்றி, ரோட்டைத் தாண்டி, பள்ளிக்கூட வாசலுக்குள் போயிற்று. அவளும் போனாள்.

உள்ளே மைதானத்தின் ஓரத்தில் ஐம்பது கூண்டுகள். கூண்டுக்கு நாலு கம்பு. கம்புகளில் ஊற்றுக்காட்டு மண் இன்னும் ஒட்டியிருந்தது.

மேடையில் ஜோர்ஜ் மாஸ்டர் மூன்றாம் பக்கத்தில் நின்றார். பனிமலைகள் உருகுகின்றன, கடல் மட்டம் உயர்கிறது என்றார். ஆறாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்திருந்த சபை கவலையோடு கேட்டது. "கடல் இம்புட்டு ஒசரம் வந்தா நெத்திலியாவது சல்லிசாக் கெடைக்கும்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். மாஸ்டர் நாலாம் பக்கத்தைப் புரட்டினார்.

"நம் ஊற்றுக்காட்டிலே கோடரி வைத்த துரோகிகள் யாராக இருந்தாலும், வரலாறு அவர்களை மன்னிக்காது."

கைதட்டல் எழுந்தது. எல்லோரையும்விட உரக்கத் தட்டியவர் தலைவர் அழகுமுத்து. மார்கிரட் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, இந்தக் கம்பெல்லாம் எங்க வெட்டுனது?"

"ஊத்துக்காட்டுலதான் தங்கச்சி. வேற எங்க நேர்கம்பு இருக்கு?"

"யாரு வெட்டச் சொன்னது?"

அழகுமுத்து மோவாயால் மேடையைக் காட்டினார். "எரநூறு கம்பு வேணும், எங்கயாச்சும் பாத்து வெட்டுங்கன்னாரு. எங்கயும் இல்ல. அங்கதான் இருந்துச்சு."

"இப்ப அவரு துரோகின்னு உங்களத்தான் ஏசுறாரு."

"ஏசட்டும். நல்லாத்தானே ஏசுறாரு."

பிரதம விருந்தினர் பேரின்பநாயகம், நுவரெலியாவிலிருந்து ஜீப்பில் வந்திருந்த கல்வி அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர். அவர் முதல் கன்றை நட்டார். மண்ணைக் கையாலேயே அள்ளிப் போட்டார், படம் எடுப்பதற்காக இன்னொரு தரமும் அள்ளிப் போட்டார். பித்தளைச் செம்பிலிருந்த தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றினார். பிறகு இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"மாஸ்டர், கை கழுவ வேணும். கொஞ்சம் தண்ணி தாங்கோ."

மாஸ்டர் அழகுமுத்துவைப் பார்த்தார். அழகுமுத்து செம்பைப் பார்த்தார். செம்பு காலி. கடைசியில் விருந்தினருக்கென்று வாங்கி வைத்திருந்த கிரீம்சோடா போத்தலைத் திறந்து அவருடைய கையில் ஊற்றினார்கள். மண் போயிற்று. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"என்ன இது, ஒரு பள்ளிக்கூடத்திலை தண்ணி கிடையாதோ?"

"வறட்சிங்க ஐயா" என்றார் மாஸ்டர். "எல்லாம் இந்த உலகளாவிய காலநிலை மாற்றம்..."

"காலநிலை பாதி, கம்பு பாதிங்க ஐயா" என்றாள் மார்கிரட்.

மம்பட்டியும் மண் கையுமாக அவள் அங்கே நின்றதை மாஸ்டர் அப்போதுதான் கண்டார். அவர் கண்ணால் ஜாடை காட்டினார். இருபது வருடம் அந்த ஜாடைக்குக் கட்டுப்பட்டவள், அன்று கட்டுப்படவில்லை. கம்பு வந்த வழியைச் சொன்னாள், ஊற்று மூடியதைச் சொன்னாள். பிள்ளைக் காம்பராவிலிருந்து வந்துகொண்டிருந்த அழுகைச் சத்தம் மிச்சத்தைச் சொன்னது.

"மழை தவறிப்போறது நம்ம மேக்கணக்கு மட்டும் செஞ்ச தப்பில்ல, அத நம்ம மட்டும் திருத்தவும் முடியாது. ஆனா ஊத்த மூடுனது நம்ம கை. ஒரு கன்ன நடுறதுக்கு முன்னாடி, நிக்கிற மரத்த வெட்டாம இருக்கணும். கைக்கு எட்டுறதக் காப்பாத்தாதவங்க உலகத்தக் காப்பாத்தப் போறேன்னு சொன்னா, அது வெறும் கூத்துங்க."

பேரின்பநாயகம் ஒட்டிய விரல்களைப் பிரிக்க முயன்றபடி தலையாட்டினார். "ஓம், அவ சொல்லுறது சரிதான். இதை நான் மேலிடத்துக்கு எடுத்துச் சொல்லுவன்." சொல்லிவிட்டு, ஜீப்பின் கதவைத் தொடாமல், சாரதி திறக்கும்வரை காத்திருந்து ஏறிப்போனார்.

ஜோர்ஜ் மாஸ்டர் ஒரு கூண்டின் பக்கத்தில் போய், கம்பில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் சுரண்டிப் பார்த்தார். ஐந்தாம் பக்கமும் ஆறாம் பக்கமும் பேசப்படாமல் கையிலிருந்தன. அவற்றை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கழுத்துப்பட்டியைக் கழற்றினார். மார்கிரட்டின் கையிலிருந்த மம்பட்டியை வாங்கிக்கொண்டு, "தலைவரே, வாங்க" என்றார்.

"எங்கங்க மாஸ்டர்?"

"துரோகிங்க ரெண்டு பேரும் மண்ணு அள்ளப் போவோம்."

பகல் முழுவதும் அள்ளினார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த தாய்மார், அதுவரைக்கும் கீழ்க்கணக்கிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து பிள்ளைகளுக்குப் பால் கரைத்தார்கள். அந்தியில் பீலியிலிருந்து ஒரு நூல் விழுந்தது, தேநீர் நிறத்தில். அது தெளிய ஒரு வாரம் ஆயிற்று. பழையபடி வாளி நிறைய ஓடவே இல்லை.

"ஊத்துக்காட்டுல இனி ஒருத்தரும் கை வைக்க விடமாட்டேன்" என்றார் மாஸ்டர் அன்றிரவு. "கன்னு நடுறதும் ஐப்பசியிலதான். உலகம் என்ன சொன்னாலும் சரி."

"நாளைக்கும் இத நெனப்பு வச்சிருங்க" என்றாள் மார்கிரட். மாஸ்டர் மறக்கவில்லை. ஐப்பசி மழையில், பேச்சும் கூடாரமும் இல்லாமல், ஊற்றுக்காட்டில் அவரே கன்று நட்டார்.

மைதானத்தில் நட்ட ஐம்பதும் ஆவணிக்குள் கருகிவிட்டன. அடுத்த ஜூனில் பேரின்பநாயகம் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட மறுபடியும் வந்தார். தாம் நட்ட இடத்தில் முழங்கை உயரத்துக்குத் தழைத்து நின்ற பச்சையைத் தடவிக்கொடுத்து, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அது கன்று அல்ல. கூண்டுக்கு ஊன்றி, தானே வேர்விட்ட முள்முருங்கைக் கம்பு.