கேந்திப்பூ யுகம்

உலக வரலாறு இனி பாளையங்கோட்டையில்தான் திருத்தி எழுதப்படும் என்று தாவரவியல் பேராசிரியர் கொம்பையா முழங்கியபோது, அதைக் கேட்க ஆய்வகத்தில் உதவியாளர் சந்தனமாரி மட்டுமே இருந்தாள். அவளும் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தாள்.

மேசையில் இருந்தது கோதாவரிப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்த நிலக்கரி. வயது இருபத்தெட்டுக் கோடி ஆண்டு. அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் மகரந்தத்தைப் பார்த்தால் அந்தக் காலத்துக் காடும் குளிரும் தெரிந்துவிடும். பூ என்ற ஒன்றே உலகில் தோன்றியிராத, பூக்காத மரங்கள் மட்டுமே மகரந்தம் தூவிய காலம். ஆனால் நுண்ணோக்கிக்குள் பூவின் மகரந்தம், முள்முள்ளாக, மஞ்சள் மஞ்சளாக!

கொம்பையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாளைக்குச் சென்னை மாநாட்டில் இதைச் சொல்லிவிட்டால், துறைத் தலைவர் நாற்காலி தானாக நடந்து வந்து அவருக்குக் கீழே நின்றுகொள்ளும்.

"உலகத்துல மொதப் பூ பூத்தது குளிர்க்காட்டுலயாக்கும், சந்தனம்! வெயில்ல இல்ல!"

சந்தனமாரி கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "சார், இது கேந்திப்பூல்லா?"

"ஏம்மா, இருபத்தெட்டுக் கோடி வருசத்துக்கு முந்தி கேந்தி நட்டது யாரு, ஒங்க தாத்தாவா?"

"இது சீவலப்பேரித் தோட்டத்துக் கேந்தி சார். போன வாரம் ஆயுத பூசைக்கு இந்தக் கரிக்கட்டிக்கும் மாலை போட்டோம்லா?"

"கரிக்கட்டிக்கு மாலையா? எந்தக் கூறுகெட்டவன் போட்டான்?"

அவள் கைப்பேசியில் அன்று எடுத்த படத்தைக் காட்டினாள்.

மாலை போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றவர் கொம்பையா.