மிளாவுக்குப் பின்னால் நின்றவள்

நிச்சயத்துக்கு முந்தின வாரம், வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை எனாமலை ஈர்க்குச்சியில் தொட்டு, ஓமனா கூடத்துப் படத்தின் மூலையில் ஒரு செடி வரைந்தாள்.

அந்த எண்ணெய்ச் சாயப் படம் அவள் கணவர் முத்துநாயகத்தின் குடும்பச் சொத்து. அசம்பு மலைக்கு வேட்டைக்கு வந்த துரை ஒருவன் அந்தக் காலத்தில் வரைந்தது. ஓடைக்கரையில் ஒரு மிளா மான் தலை நிமிர்ந்து நிற்கும். கிளைத்த கொம்பு, ஈர மூக்கு, காதுமடலில் வெயில். அதன் பின்னால், விரல் அளவில், சுமையோடு ஒரு பெண். இடுப்புக்கு மேலே துணி இல்லை. அவள் சாதிப் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை போட்டால் அடி விழுந்த காலம் அது. தேவகனி என்று பெயர். இந்த வீட்டின் பூட்டி என்பார் முத்துநாயகம்.

கல்யாணமாகி வந்த நாள் முதல், விருந்தாளிகள் வந்தால் ஓமனா அந்த மூலையை மறைத்துக்கொண்டு நின்றுதான் காப்பி கொடுப்பாள். இப்போது மகள் சுபிதாவுக்குப் பார்த்து முடித்த மாப்பிள்ளை ஷைஜுவின் ஆட்கள் வருகிறார்கள். ஆண்களின் கண் அங்கே போகும் என்று நினைத்தாலே அவளுக்குத் தன் முந்தானை நழுவியது போலிருந்தது. முதலில் தேவகனிக்கு ஒரு தோள்சீலை போடத்தான் பார்த்தாள். எனாமல் வழிந்தது. வழிந்ததை இலையாக்கினாள். இலைகள் பெருகின.

நிச்சயத்தன்று தாம்பூலம் மாற்றியதும் ஷைஜுவின் அம்மாதான் கேட்டாள்.

"இது மிளா இல்லா? எம்மாடி, உயிரோட நிக்குது."

முத்துநாயகத்துக்கு அது போதும். எத்தனையோ பேருக்குச் சொன்ன கதை. படத்தைப் பார்க்காமலே விரலை மூலையில் வைத்தார். "மிளாவ விடுங்க. இந்தா நிக்கியாளே, இவதான் எங்க பூட்டி."

எல்லோரும் குனிந்தார்கள்.

"எங்க மச்சான்? இங்க ஒரு செடிதானே நிக்குது?" என்றார் ஷைஜுவின் மாமா. "துரையக் கண்டு ஒளிச்சிட்டாளோ?"

கூடமே சிரித்தது. முத்துநாயகம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி ஓமனாவைப் பார்த்தார். அவள் விரல் நகத்தின் ஓரத்தில் பச்சை இன்னும் போகவில்லை. கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பழைய படம் பாத்தியளா. மங்கிப் போச்சு," என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் திட்டியிருந்தால் ஓமனா தாங்கியிருப்பாள்.

ஷைஜுவின் அம்மா மட்டும் படத்தைவிட்டு நகரவில்லை. "எங்க வீட்டுலயும் ஒருத்தி உண்டும். சீலை போட்டதுக்குச் சந்தையில வச்சுக் கிழிச்சானுவளாம். பேரு மட்டும்தான் மிச்சம், முகம் தெரியாது. நீங்க குடுத்து வச்சவிய. மங்குதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுத்திருக்கப்பிடாதா?"

கிழித்தவர்களும் தானும் ஒரே இடத்தில்தான் கை வைத்திருக்கிறோம் என்று ஓமனாவுக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை உதறப் பார்த்தாள், அது அசையவில்லை.

வந்தவர்களின் வண்டி தெருமுனை திரும்பியதும் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பாட்டிலையும் பழந்துணியையும் எடுத்தாள். பட்டுச்சேலைகூட மாற்றவில்லை. தேய்த்தாள். பச்சை வந்தது. நிம்மதியாக இருந்தது. இன்னும் தேய்த்தாள்.

பின்னால் சுபிதா வந்து நின்றது தெரியவில்லை.

"எம்மா, நிறுத்து."

"இந்தா, போயிரும் மக்களே. பச்ச போயிரும்."

"துணியப் பாரும்மா."

துணியில் பச்சைக்கு மேல் தவிட்டு நிறம் படிந்திருந்தது. அது ஓடைக்கரையின் நிறமா, தேவகனியின் தோளின் நிறமா என்று ஓமனாவுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் அந்த முகத்தை ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. இப்போது எதைத் தேடுவது என்றுகூடத் தெரியாமல், துணியைக் கசக்காமல், உள்ளங்கையில் விரித்தபடியே நின்றாள்.