ஏரியில் யாருடைய நாள்

…அந்தக் கேள்வியையும் அவனேதான் படித்தான், தாளை என் கையில் கொடுக்கவில்லை, மேஜையின் அந்தப் பக்கம் அவன் விரல்களுக்கு அடியில் கிடந்தது, எட்டினால் எனக்கும் எழுத்து தெரியும், ஆனால் நான் எட்டுவதற்குள் அவன் குரல் முந்திக்கொள்ளும், கோயிலில் பாசுரம் சேவித்துச் சேவித்துப் பழகிய குடும்பத்துக் குரல், இங்கிலீஷும் அதே ராகத்தில்தான் வரும். ஆராவமுதன். திருவள்ளூரிலிருந்து இரண்டு ரயில் மாறிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, அந்த போல்ட் கம்பெனியின் டைம் ஆபீசில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்காருகிறவன். எழுபத்து மூன்றாம் வருஷத்து மின்வெட்டு, காலையில் மிஷின்கள் நின்றால் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்காது, ஆட்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள், நாங்கள் இரண்டு பேரும் படிப்போம். அந்த வருஷம் சட்டக் கல்லூரிக்கு மார்க் மட்டும் போதாது, ஒரு பரீட்சையும் உண்டு என்றார்கள், மயிலாப்பூரில் யாரோ நடத்தும் டுடோரியலிலிருந்து சைக்ளோஸ்டைல் செய்த மாதிரித் தாள்களை அவனுடைய சித்தப்பா மகன் கொண்டுவந்து கொடுத்திருந்தான். தாள் அவனுடையது, அதனால்தான் என் கையில் தருவதில்லை என்று ஒரு மனம் சொல்லும், இல்லை, உன் கையில் மீன் இருக்கிறது, எத்தனை முறை கழுவினாலும் இருக்கிறது, அதனால்தான் என்று இன்னொரு மனம் சொல்லும். எது சரி என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவன் சிரித்துக்கொண்டே இல்லவே இல்லை என்றிருப்பான், நான் அதையும் நம்பியிருக்க மாட்டேன்.

இங்கிலீஷ் பகுதியில் அவன் என்னைத் தின்றுவிடுவான். கோடிட்ட இடத்தில் எந்தச் சின்னச் சொல் வரும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு அது வாயில் இருக்கும், ஏன் என்று கேட்டால் காதுக்கு அப்படித்தான் நன்னா இருக்கு ராஜவேலு என்பான், காதுக்கு! என் காதுக்கு என்ன பழக்கம், காற்று திரும்பும்போது ஏரித் தண்ணீர் தோணியின் அடியில் மாற்றித் தட்டும், அந்தச் சத்தம் என் காதுக்குத் தெரியும், அதை எந்தப் பரீட்சையில் கேட்கிறான்? பொது அறிவு என்றால் தலைநகரம், நாணயம், எந்த ஆறு எங்கே கலக்கிறது, அதில் நாங்கள் சமம், கணக்கில் நான் மேலே, ரயிலும் தொட்டியும் வட்டியும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, அவன் விரல் மடக்குவான், அதைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ இனிப்பாக ஊறும். இரண்டு பேருமே உள்ளே போகலாம், இடம் எத்தனையோ இருந்தது, ஆனால் அந்த மேஜையில் ஒரே ஒரு இடம்தான் இருப்பது போலவும் அதன் மேல் அவன் ஏற்கனவே துண்டு போட்டுவிட்டது போலவும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவனுக்கு வக்கீல் ஆகவேண்டும், அவ்வளவுதான், மாமா வக்கீல், சம்பந்தி வக்கீல், வீட்டில் ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் மாட்டியிருந்தால் அழகு. எனக்கு அப்படியில்லை. எனக்கு அந்தக் கோட்டு, என் அண்ணனைக் கொன்ற இராமலிங்கத்தை விட்டுவிட்ட அதே கோர்ட்டில் போய் நிற்பதற்கு வேண்டும். நின்று? விட்டவனை மறுபடி பிடிக்க முடியாது என்று எங்கள் பக்கத்து வக்கீல் அன்றே சொல்லிவிட்டார். தெரியும். ஆனாலும் நிற்கவேண்டும்.

அண்ணி அதைத்தான் கேட்டாள். காலையில் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மீஞ்சூர் சந்தைக்குக் கிளம்பும்போது நான் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் அவளுக்குப் பொறுக்காது. “வக்கீலுக்குப் படிச்சி இன்னா பண்ணப்போற? செத்தவன எய்ப்பிப் பெஞ்சு மேல குந்த வெக்கப்போறியா?” என்பாள். “ஒரு பொண்ணப் பார்த்துக் கட்டிக்கினு ஏரி மொறையில ஒரு பாட்ட வாங்குற வழியப் பாரு. ஊட்ல ஆம்பள இருக்கான்னு பேரு, ஏரியில எறங்கத் துப்பில்ல, பேஜாரு புடிச்ச பொஸ்தகம்.” நான் பதில் சொல்லமாட்டேன். சொன்னால் ஒரே ஒரு வார்த்தைதான் வரும், நீ ஏன் அழவில்லை என்று வரும். என் அண்ணன் செங்கல்வராயனைக் கரையில் கிடத்தியபோது அண்ணி கோவிந்தம்மா அழுதாள், அது வேறு, அது எல்லாரும் அழுகிற அழுகை, ஆனால் இராமலிங்கத்தின் வீட்டு வாசலில் போய் நின்று தலைமயிரை அவிழ்த்து மண்ணை வாரித் தூற்றினாளா? நான் தூற்றினேன். ஆண்பிள்ளை, பி.ஏ. படித்தவன், நான் போய்த் தூற்றினேன், அவள் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கோர்ட்டிலும் அவள் வாயைத் திறக்கவில்லை, தெரியாது, நான் ஊட்ல இருந்தேன், அவ்வளவுதான். கட்டியவனைக் கொன்றவன் மேல் ஒரு சாபம் விடாதவளோடு ஒரே கூரையின் கீழ் சோறு தின்றுகொண்டிருந்தேன், அவள் விற்றுக் கொண்டுவந்த சோறு, அது தொண்டையில் இறங்கும்போதே கோபமாகத்தான் இறங்கும்…

கேட்டுண்டிருக்கீரா ஓய், என்றான் ஆராவமுதன். சட்டப் பகுதிக்கு வந்திருந்தான். அந்தப் பகுதிக்கு ஒரு விதி உண்டு, மேலே ஒரு தத்துவத்தைக் கொடுப்பான், கீழே ஒரு சம்பவத்தைக் கொடுப்பான், தத்துவம் நியாயமா இல்லையா என்று நீ பார்க்கக்கூடாது, சம்பவத்தில் இல்லாததை நீயாகச் சேர்க்கக்கூடாது, இதை இதில் பொருத்து, பதிலை எழுது, முடிந்தது. அவன் படித்தான். யாருக்கும் சொந்தமில்லாத உயிரினம் அதை முழுவதுமாகத் தன் வசப்படுத்துகிறவனுக்கே உரியது, இது தத்துவம். ஏ என்பவன் மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை வளைக்கிறான், வலை இன்னும் மூடவில்லை, கொஞ்சம் இடைவெளி இருக்கிறது, பி என்பவன் அந்த இடைவெளியில் படகை விட்டு மீனை அள்ளிக்கொள்கிறான், மீன் யாருடையது? நான் யோசிக்கவேயில்லை, வாய் தானாகக் கேட்டது. “அன்னிக்கி யாரு பாடு?”

அவன் விழித்தான். “என்னது?” “ஏரியில அன்னிக்கி யாரு பாடுன்னு கேக்குறேன். ஏ பாடா, பி பாடா? அது இல்லாம எப்பிடி சொல்றது சாமி?” அவன் சிரித்துவிட்டான், தாளைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தான், “பாடாவது கூத்தாவது, கேள்வில இருக்கறத மட்டும் பாருமய்யா, வலை மூடல்லே, ஏ வசப்படுத்தல்லே, மீன் பி-யோடது, ரெண்டு நிமிஷக் கேள்வி, இதுக்குப் போய் நாள் நட்சத்திரம் கேக்கறீர்!” வலை மூடவில்லையாம். கரையில் நிற்கிற குழந்தையைக் கேள், சொல்லும். பழவேற்காட்டு ஏரியில் வலை மூடியதா திறந்திருந்ததா என்று எவனும் கேட்கமாட்டான், அன்றைக்கு எவன் முறை என்றுதான் கேட்பான், கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் சீட்டுப் போட்டு வரிசைப்படி ஒரு நாள், அந்த நாள் அவனுடைய பாடு, அந்த இடத்துத் தண்ணீரும் அதிலுள்ள மீனும் இறாலும் அன்று அவனுக்கு, மற்றவன் கை வைத்தால் அது திருட்டு, பிடித்தவன் யாராக இருந்தாலும் மீன் நாளுக்குத்தான் சொந்தம். இதை அவனிடம் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன் போலிருக்கிறது, மரத்தடியில் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. “சுவாரசியமா இருக்கே, அப்போ நீரே ஒரு கேள்வி போடும், நான் பதில் சொல்றேன்” என்றான், ஏதோ புதுப் பலகாரம் கிடைத்தவன் போல. சரி, போடுகிறேன், நீ தத்துவத்தைப் பொருத்துகிறவன்தானே, இதைப் பொருத்து. தத்துவம், முறை யாருடையதோ ஏரி அவனுடையது. சம்பவம், வரிசையில் பி-க்கு அடுத்தவன் ஏ, பி-யின் நாள் முடிந்து மறுநாள் ஏ தன் முறைக்கு இறங்கி வலையை வளைக்கிறான், பி வந்து இது என் நாள் என்கிறான், வாய்ச்சண்டை, தோணி தள்ளும் சவுக்குக் கழியால் பி அடிக்கிறான், ஏ இடுப்பளவுத் தண்ணீரில் தன் வலையின் மேலேயே விழுந்து செத்துப்போகிறான். குற்றம் யாருடையது? என் குரல் நடுங்கவில்லை. கோர்ட்டிலும் நடுங்கவில்லை, அன்று யார் முறை என்று கேட்டார்கள், என் அண்ணன் முறை என்றேன், அது உண்மை, ஊர்ப் பெரியவர்கள் ஒருவர்கூட வந்து சொல்லவில்லை, ஏரி விஷயம் கோர்ட்டுக்குப் போகக்கூடாது என்று ஊரில் பேசி வைத்திருந்தார்கள், ஆகையால் சந்தேகத்தின் பலன் அவனுக்கு. யாருக்குச் சந்தேகம்? எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

ஆராவமுதன் பென்சிலால் தாடையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது, அண்ணன் செத்தான் என்று தெரியும், நோயில் போனதாக நினைத்துக்கொண்டிருந்தான், நானும் திருத்தவில்லை. “ஏ மேல தப்பில்லே, பி பண்ணினது கொலை” என்றான், என் நெஞ்சு ஒரு அடி எழும்பியது, உடனே, “ஆனா ஓய், கேள்வில ஓட்டை இருக்கு” என்றான். “பி ஏன் மறுநாள் வந்து என் நாள்ங்கறான்? பைத்தியமா? முதல் நாள் அவன் எறங்கினானா இல்லையா, அதைச் சொல்லல்லையே நீர்?” இறங்கவில்லை என்றேன். “ஏன்?” அவன் வீட்டில் ஒரு சாவு. “யாரு?” குழந்தை. பேர்கூட வைக்காத குழந்தை… சொல்லிவிட்டேன். இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, கோர்ட்டிலும் கேட்காததால் சொல்லாததை, ஒரு மாதிரித் தாளுக்காக இவனிடம், ஏ பி என்ற பேரிலேயே, சொல்லிவிட்டேன். சாவு விழுந்தால் ஏரியில் யாரும் இறங்கமாட்டார்கள், அன்றைய முறை மறுநாளுக்குப் போகும், எல்லாருக்கும் ஒவ்வொரு நாள் தள்ளும், அது ஊர் வழக்கம். ஆனால் பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு? அதற்கு முன்னால் அப்படி நடந்ததில்லை. அன்று சாயங்காலம் அண்ணி இராமலிங்கத்தின் வீட்டிலிருந்து வந்தாள், குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்திருந்தாள், தலை ஈரம். அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், “நாளைக்கி அவங்களுக்கு உட்டுடு, பெத்தவ செங்கம்மா மூஞ்சியப் பார்க்க முடியல.” அண்ணன் நிமிரவில்லை. “பேரு கூட வெக்கல, அதுக்கெல்லாம் ஏரிய மூடிக்கினு இருந்தா அடுப்பு எரியுமா?” நான் பக்கத்தில் உட்கார்ந்து அதே குழம்பைத்தான் பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணன் சொன்னது எனக்குச் சரியாகப்பட்டது. இப்போதும் சரிதானே? அவள் என்ன செய்தாள் அப்போது… குழம்புச் சட்டியை மூடினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் எதுவுமே சொல்லவில்லை, யாரிடமும்.

“அடடே, அப்படியா சேதி” என்று ஆராவமுதன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டான், முகம் மலர்ந்துவிட்டது, இது அவன் வீட்டுப் பாடம். “பல் மொளைக்காத குழந்தைன்னா தீட்டே கிடையாதுங்காணும், ஸ்நானம் பண்ணினா ஆச்சு, எங்காத்துல அப்படித்தான். அப்போ நாள் தள்ளாது. உம்ம ஏ பண்ணினதுதான் சரி, நூத்துக்கு நூறு, பி-க்கு நிக்க எடமில்லே.” இரண்டு வருஷமாக எந்த வார்த்தைக்காகப் படித்துக்கொண்டிருந்தேனோ அந்த வார்த்தை. நூற்றுக்கு நூறு. என் அண்ணன் சரி. ஒரு கோர்ட்டும் சொல்லாததை இந்த ஐயங்கார் பென்சிலை ஆட்டிக்கொண்டு சொல்லிவிட்டான், நான் எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்க வேண்டும், ஏன் எனக்கு அவன் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது? ஸ்நானம் பண்ணினா ஆச்சு. தலை ஈரத்தோடு அண்ணி வந்து நின்றாளே, அவளுக்கு ஆகிவிட்டதா? “ஆனா ஒண்ணு” என்றான் அவன், விடமாட்டான், ஓட்டை தேடுகிற புத்தி, நல்ல வக்கீலாகத்தான் வருவான், “சில பேர் அதுலயும் வித்யாசம் பார்ப்பா. ஆண் குழந்தையா, பெண் குழந்தையா?”

நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, அதே மணலில், அதே கிணற்றுத் தண்ணீரில்… அந்தக் குழந்தையை நான் ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டாமா, செங்கம்மா இடுப்பில், தொட்டிலில், வெயிலில் போட்டு எண்ணெய் தேய்க்கும்போது? அந்த வாசலில் நின்று கை வலிக்க மண் தூற்றினேன், உன் வம்சம் விளங்காது என்று கத்தினேன், ஊரே கேட்டது, அந்தச் சொல் அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்… “சொல்லுமய்யா, ஆணா பெண்ணா?” தெரியாது என்றேன். “கேள்வி போட்ட உமக்கே தெரியலேன்னா எப்படி” என்று அவன் உச்சுக்கொட்டிவிட்டு, தாளைத் திருப்பி, அடுத்த தத்துவத்தை அதே ராகத்தில் படிக்க ஆரம்பித்தான், நான் கேட்டுக்கொண்டிருப்பது போல உட்கார்ந்திருந்தேன், மீஞ்சூரில் இந்நேரம் அண்ணி கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருப்பாள், அவளைக் கேட்டால் சொல்லுவாள், கையில் வாங்கிக் குளிப்பாட்டியவள், அவளுக்குத் தெரியும், ஆனால் என்னவென்று கேட்பது, இத்தனை நாள் கழித்து, எந்த முகத்தோடு…