வெயிலில் நின்ற வண்டி

நமச்சிவாயத்தின் தறிக்கூடத்திலிருந்து ஜரிகைப் பெட்டி களவு போன மறுநாள், சென்னையிலிருந்து போலீஸ் நாய் வருகிறது என்று பிள்ளையார்பாளையம் முழுவதும் பேச்சாக இருந்தது. அதைக் கேட்டு நிம்மதி அடைந்தவன் குப்புசாமி ஒருவன்தான்.

களவு நடந்த அன்று மாலை கூடத்தைவிட்டுக் கடைசியாக வெளியே வந்த நெசவாளி அவன். பூட்டிச் சாவியை முதலாளி நமச்சிவாயத்தின் வீட்டு ஆணியில் மாட்டியவனும் அவன். பூட்டு உடையவில்லை. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அவனிடம் ஏதோ கேட்டார். மிச்சத்தை நாய் கேட்டுக்கொள்ளும் என்றார். அதுவரை முதலாளி வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்றும் சொன்னார். குப்புசாமி நாயை நம்பினான். மனிதர்களுக்குப் பகை உண்டு, தயவு உண்டு. நாய்க்கு ஏது? வாசனையைக் கழுவிவிட்டான் என்று பேச்சு வரக் கூடாதென்று அவன் குளிக்கவில்லை, வேட்டியும் மாற்றவில்லை.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நாள். நீல நிறப் போலீஸ் வண்டி தெருமுனையில் வந்து நின்றபோது தெரு நெடுக, தறியில் ஏற்ற வேண்டிய நெடும்பட்டிழைகளான பாவு நீட்டியிருந்தது. விடியலிலேயே கஞ்சி போட்டிருக்க வேண்டியது, விசாரணையால் தாமதமாகிவிட்டது. கஞ்சி ஏறிய பட்டிழை காய்ந்து முடியும்வரை அதை எடுக்க முடியாது. எடுத்தால் இழையோடு இழை ஒட்டிப் பாவே பாழாகும். நமச்சிவாயம் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு பாவுக்குள் புகுந்தால் எல்லாம் போய்விடும், கொஞ்சம் பொறுத்து இறக்கலாமே என்றார். சப்-இன்ஸ்பெக்டர் சம்மதித்தார்.

அந்தத் தெருவில் நிழல் என்பது புங்கமர வரிசை மட்டும்தான். அதன் கீழே பாவு இருந்தது. வண்டி வெயிலில் நின்றது.

நாயைக் கொண்டுவந்த ஏட்டு அப்பாதுரை வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். சிறுவர்கள் கம்பியின் வழியே முறுக்கை நீட்டுவதைப் பார்த்துவிட்டு அவர் வண்டியின் கண்ணாடிகளை ஏற்றினார். வேறு யார் கையும் படக் கூடாது, தான் கொடுத்தால்தான் ரூபி தண்ணீரே குடிக்கும் என்று பெருமையாகச் சொன்னார். பின்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முதலாளி வீட்டில் மோர் கொடுத்தார்கள். வாலாஜாபாத் என்றதும் அங்கே யார் வீடு, எந்தத் தெரு, யாருக்கு யார் சம்பந்தம் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது.

வண்டிக்குள் நாய் குரைக்கத் தொடங்கியது.

பாவின் இருபுறமும் நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். மோப்பம் பிடித்துவிட்டது என்றார் ஒருவர். யார் நகர்ந்தாலும் நாய் கண்ணாடியில் முகத்தை மோதி அவரைப் பார்த்துக் குரைத்தது. நகர்ந்தவர் பின்வாங்க, மற்றவர்கள் சிரித்தார்கள். கஞ்சிச் சட்டியோடு குப்புசாமி குறுக்கே போனான். நாய் அவனைப் பார்த்தும் குரைத்தது. பக்கத்துத் தறிக்காரன் குமாரவேல் சத்தமாகவே சொன்னான்:

"குப்புசாமி, உன்னத்தான் கூப்புட்டுக்கினு இருக்குது. போயி இன்னான்னு கேளேன்பா."

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

அப்போதுதான் குப்புசாமிக்கு உறைத்தது. அந்தப் பெட்டியைத் தினமும் தொட்டவன் அவன்தான். பெட்டி இருந்த இடத்தில், கதவில், சாவியில் எல்லாம் அவன் கை வாசனைதான் இருக்கும். நாய் பொய் சொல்லாது. ஆனால் அதனிடம் கேட்கப்போகும் கேள்வி எது? திருடியவன் யார் என்றா, தொட்டவன் யார் என்றா? கஞ்சியைத் தோய்த்து இழையில் தடவிக்கொண்டே, அந்த நாய் கீழே இறங்காமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்தான். தான் அப்படி நினைத்தது உறைத்ததும் அவன் கை இழையிலேயே நின்றுவிட்டது.

குரைப்பு மாறியது. நகங்கள் தகரத்தைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் நுரை வழிந்தது. பிறகு குரைப்பு இல்லை, மெல்லிய ஊளை மட்டும்.

எதிரே தங்கள் வீட்டு வாசலில் நின்ற அவன் மனைவி கமலாட்சி கிட்டே வந்தாள்.

"அதுக்குத் தண்ணி வோணும்."

"தெரியுது."

"நீங்க போவாதீங்க. சொம்பும் கையுமா உங்கள அங்க பாத்தாங்கன்னா அவ்ளோதான்."

குப்புசாமி குமாரவேலிடம் போய், முதலாளி வீட்டுக்குள் இருக்கும் ஏட்டய்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரச் சொன்னான். உனக்கென்ன நாய்மேல் அத்தனை அக்கறை என்று அவன் கேட்டான். கேட்டுவிட்டு இழைகளைப் பிரிக்கக் குனிந்துகொண்டான். அவன் கேட்டது நியாயம் என்பதுபோல மற்றவர்களும் குனிந்துகொண்டார்கள்.

ஊளையும் நின்றது.

அதன் பிறகும் குப்புசாமி உடனே போகவில்லை. வண்டியின் கூரைமேல் காற்று நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு தறி அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் எந்த முகமும் இல்லை. அவன் திரும்பி, கமலாட்சியைப் பாராமலே வீட்டுக்குள் போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்தான். அவள் தடுக்கவில்லை.

கல்லால் கண்ணாடியை உடைத்தபோது, கொதிக்கும் சாயக் கொப்பரையின் மூடியைத் திறந்தாற்போல் சூடு முகத்தில் அடித்தது. நாய் பக்கவாட்டில் கிடந்தது. நாக்கு கருநீலமாகத் தொங்கியது. கம்பி வழியே சொம்பைச் சாய்த்து அதன் வாயில் ஊற்றினான். தண்ணீர் உள்ளே போகாமல் தாடையோரம் வழிந்தது.

சத்தம் கேட்டு அப்பாதுரை ஓடிவந்தார். அவசரத்தில் சாவி துளையில் ஏறவில்லை. குப்புசாமி வாங்கித் திறந்தான். நாயைத் தோளில் அள்ளிக்கொண்டு அவர் நிழலுக்கு ஓடினார். பாவு, பாவு என்றார் நமச்சிவாயம். அப்பாதுரை காதில் அது விழவில்லை. இழைகளை உடம்பால் அறுத்துக்கொண்டு மரத்தடியில் போய் மண்டியிட்டார். பெண்கள் குடம் குடமாக ஊற்றினார்கள். நாயின் விலா ஏறி இறங்கியது. மறுபடி ஏறவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து, வண்டியருகே கிடந்த சொம்பை எடுத்து மோந்து பார்த்தார்.

"இதுல இன்னா குடுத்த?"

கேள்வி குப்புசாமிக்கு. தன்னைப் பிடிக்க வந்த நாயைத் திருடன்தானே கொல்லுவான் என்று கூட்டத்தில் ஒரு குரல் முணுமுணுத்தது. குப்புசாமி அப்பாதுரையைப் பார்த்தான். அவர் நாயின் காதை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் அதையே செய்தார். அவர் வாய் திறக்கமாட்டார் என்றே அவனுக்குத் தோன்றியது.

"தண்ணிதான் சார்," என்றார் அப்பாதுரை. "வெயில்ல செத்துது. நாந்தான் பூட்டிட்டுப் போனேன்."

"யோசிச்சு சொல்லுய்யா. மேல பதில் சொல்லணும்."

"யோசிச்சுட்டேன் சார்."

சப்-இன்ஸ்பெக்டர் சொம்பைக் கீழே போட்டார். அப்படியானால் மிச்சக் கேள்வியை நானே கேட்கிறேன் என்று சொல்லிக் குப்புசாமியின் தோளைப் பிடித்து வண்டியைக் காட்டினார். ஸ்டேஷனில் எப்படிக் கேட்பார்கள் என்பது தெருவுக்குத் தெரியும். கமலாட்சி நமச்சிவாயத்தின் காலில் விழுந்தாள். அவர் அறுந்த இழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்குள் தகரம் இன்னும் கொதித்தது. அப்பாதுரை ரூபியை நடுவில் கிடத்திவிட்டுக் குப்புசாமிக்கு எதிரே உட்கார்ந்தார். உடையாத கண்ணாடிகளையெல்லாம் இறக்கினார். வண்டி பெரிய தெருவுக்குத் திரும்பியதும் குப்புசாமி கேட்டான்:

"ஏட்டய்யா, அந்தப் பெட்டிய தெனம் தொட்டவன் நான். திருடினவன் வேற. மோந்து பாத்திருந்தா இது யாருகிட்டப் போயிருக்கும்?"

அப்பாதுரை நாயின் மூக்கில் ஒட்டியிருந்த நுரையைத் துண்டால் துடைத்தார். உன்னிடம் வந்திருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சொன்னால் அந்த ஆறுதல் அவனுக்கு ஸ்டேஷன்வரை தாங்கும்.

"தெரியலப்பா," என்றார். "அது ஒண்ணுக்குத்தான் தெரியும்."

குப்புசாமி தலையசைத்தான். வண்டி குலுங்கியபோது நாயின் தலை தரையில் இடிபடாமல் காலை நகர்த்தி முட்டுக்கொடுத்தான்.