ஓல்டன் குசினியின் மிளகாய்ப் புகை

2009 ஆவணியிலிருந்து, சுவிஸின் ஓல்டன் நகரில் தில்லைநாயகியின் குசினியில் செத்தல் மிளகாயை எரித்தால் புகை வருவதில்லை. மிளகாய் கருகும், உப்பு வெடிக்கும், ஒருவருக்கும் தும்மல் வராது. மகள் ஜெனனி அந்த மாதம் பள்ளியில் நல்ல புள்ளிகள் எடுத்திருந்தாள். பக்கத்து ஊரான திரிம்பாக்கில் உள்ள கோயிலில் நாலு பேர் அதைப் புகழ்ந்துவிட, வீட்டுக்கு வந்ததும் தாய் மூன்று மிளகாயால் அவள் தலையைச் சுற்றி நாவூறு கழித்துச் சட்டியில் போட்டாள். நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் நாவூறு பொல்லாதது என்று எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். அடுத்த நாள் ஐந்து மிளகாய், அதற்கடுத்த நாள் ஒன்பது. நெடி வருமட்டும் விடுவதில்லை என்று நின்றாள், நெடியோ வந்தபாடில்லை. முதியோர் இல்லத்தில் பகல் முழுக்க ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு, இடுப்பு விட்டுப்போன நிலையிலும் மாலை ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்பாள். இப்படி ஐந்து வருடம் போனது.

2014இல் தான்சானியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையில் ‘மிளகாய் எரிக்கும் அம்மா, ஓல்டன்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. தபால்காரர் அதைத் தமிழ்க் கடையில் காட்ட, கடைக்கார மகேஸ்வரன் அண்ணை யோசிக்காமல் அவள் விலாசத்தைச் சொன்னார். மாதம் மூன்று கிலோ செத்தல் வாங்குகிற வீடு வேறு இல்லை. எழுதியவள் நேமா, சோளம் பயிரிடுகிறவள். ஐந்து வருடமாக அந்தி பட்டதும் தங்கள் வயலோரம் நிலத்துக்குள்ளிருந்து மிளகாய்ப் புகை எழும்புகிறது, யானைகள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை, புகைக்குள் ஓல்டன் ரயில் நிலைய அறிவிப்புக் கேட்பதால்தான் இந்த ஊரைக் கண்டுபிடித்தோம் என்று விபரமாக எழுதியிருந்தாள். அயலூர்க்காரர் மிளகாயை யானைச் சாணத்தோடு குழைத்துக் காயவைத்து எரிக்கப் படாதபாடு படுகிறார்களாம். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள் என்று முடித்திருந்தாள்.

“அம்மா, உங்கட புகை ஆபிரிக்காவுக்குப் போகுதாம்,” என்றாள் ஜெனனி.

“அங்க ஆருக்கு நாவூறு?”

“நாவூறு இல்லையம்மா. யானை வராதாம்.”

“அப்ப உனக்கு ஒண்டும் இல்லையோ?”

“ஒண்டுமில்லை. நீங்கள் இனிப் பேசாம எரிக்கிறதை விட்டிடலாம்.”

தில்லைநாயகி சட்டியைப் பார்த்தாள். “விட்டா அந்தப் பிள்ளையின்ர சோளம் என்னாகிறது?”

அன்றும் எரித்தாள். மகளுக்காகச் செய்தபோது தெரியாத அலுப்பு, ஊர் பேர் தெரியாத வயலுக்காகச் செய்யும்போது எலும்புவரை தெரிந்தது. ரொறன்ரோவில் தம்பி மகளின் கலியாணத்துக்குப் போகவில்லை. பாடன் நகரில் தங்கை வீட்டுக்குப் போனாலும் மாலை ஐந்து மணி ரயிலுக்கு எழும்பிவிடுவாள். 2019இல் தோள் முற்றாக மறுத்துவிட, சத்திரசிகிச்சைக்காக மூன்று நாள் வைத்தியசாலையில் கிடந்தாள். ஜெனனி பொறுப்பெடுத்து எரித்தாள்தான், ஆனால் அவள் எரித்த புகை எங்கும் போகாமல் குசினியிலேயே நின்று மாடி முழுக்க இருமவைத்தது. மூன்றாம் நாள் நேமாவின் செய்தியும் ஒரு படமும் வந்தன. யானைகள் நாலு வயலைத் தின்றுவிட்டன. ஊரார் ஈட்டியோடு போய் ஒரு தாய் யானையைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். குட்டி அதன் பக்கத்திலேயே நிற்கிறது. ஒற்றைக் கையால் படத்தைப் பிடித்துக்கொண்டு தில்லைநாயகி அழுதாள். ஊரார்மேல் கோபம் வந்தது, அதைவிடத் தன் தோள்மேல் வந்தது.

அவள் சொல்லச் சொல்ல ஜெனனி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். “எனக்கு நெடுக ஏலாது பிள்ளை. இனி ஞாயிற்றுக்கிழமையில எரிக்கமாட்டன். அதுகளுக்கும் வயிறு இருக்கு. அண்டைக்கு அதுகளுக்கெண்டு ஆத்தோரம் எதையாவது நட்டுவிடுங்கோ. மிச்ச வயலுக்கு நீங்கள் ஒரு வழி பாருங்கோ.”

ஊர் இரண்டு மாதம் சண்டை பிடித்தது. அவளைத் திட்டியும் தீர்த்தது. கடைசியில் யானை தேனீக்குப் பயம் என்று வயல்களைச் சுற்றிக் கம்பி இழுத்துத் தேன்பெட்டிகளைத் தொங்கவிட்டார்கள். ஆற்றோரம் பூசணி போட்டார்கள். அது காய்க்குமட்டும் ஞாயிறுகளிலும் எரித்தாள். காய்த்த பிறகு வந்த முதல் ஞாயிறு, ஆறு மணிக்கு, அடுப்பு மூட்டாமல் தில்லைநாயகி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆறரைக்கு அடுப்புக்கு மேலிருக்கும் புகைபோக்கிக்குள் பூசணிக்காய் உடைபடும் சத்தம் கேட்டது, பிறகு நிதானமாக மெல்லும் சத்தம். வயலுக்குள் ஒன்றும் இறங்கவில்லை என்று நேமா எழுதினாள்.

மேல்வீட்டு ஹோஃபர் அம்மா மாடிப்படியில் மறித்து, ஞாயிறுகளில் அது என்ன சத்தம் என்று விசாரித்தார். யானைகள் சாப்பிடுகின்றன, ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும் என்றாள் தில்லைநாயகி. கட்டிடத்தில் சத்தம் கூடாத அமைதி நேரம் இரவு பத்து மணிக்குத்தானே தொடங்குகிறது, அப்படியென்றால் சரி என்று அவர் போய்விட்டார்.

இப்போதும் ஞாயிறுகளில் அவள் குசினிக் கதவைத் திறந்துவிட்டுச் சோபாவில் சாய்ந்திருப்பாள். பெரியவை முதலில் சாப்பிடும். அவை ஓய்ந்த பிறகு, சற்றுத் தள்ளி நின்று குட்டி தனியாக மெல்லுவது கேட்கும். அது கேட்குமட்டும் அவள் கண் மூடமாட்டாள். கேட்டபின், உடுப்பும் மாற்றாமல் தூங்கிவிடுவாள்.