சாலமோன் கை தூக்கவில்லை

சாலமோனுக்குக் காது போய்விட்டது என்பது அவர் பெண்சாதி எல்லம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன நடக்கும்? முதலில் ஐயோ பாவம் என்பார்கள். அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடுவார்கள். அப்புறம் ஒருநாள் சேதியே சொல்லாமல் விட்டுவிடுவார்கள். கிரஷரில் அப்படித்தான் செய்தார்கள். ஜல்லி உடைக்கிற மிஷின் பக்கத்தில் பாதி ஆயுசு நின்றவர் அவர். வலது காதைத் தின்றது அந்த மிஷின்தான். பின்னால் லாரி வருவது கேட்காமல் நின்றார் என்று, மேஸ்திரி தோளில் கை போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான். அன்றையிலிருந்து சும்மா டீ வாங்கிக் கொடுக்கிறவனை சாலமோன் நம்புவதில்லை.

செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஒரு மன்றம் கூடுகிறது. பாடுகிற மன்றம் இல்லை, பாட்டுக் கேட்கிற மன்றம். நடத்துகிறவர் பார்வதம் டீச்சர், ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ். ஸ்பீக்கர் கொண்டுவருகிறவன் பார்த்திபன், சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சாலமோனை அங்கே இழுத்துக்கொண்டு போனவன் பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம். முப்பது வருசம் பஸ் ஓட்டியவன், வாய் நிற்காது.

மன்றத்தில் ஒரு முறை உண்டு. எவர்சில்வர் டம்ளரில் எல்லார் பேரும் சீட்டாகக் கிடக்கும். குலுக்கி எடுத்ததில் யார் பேர் வருகிறதோ அவர்தான் அடுத்த மாதம் ஒரே ஒரு பாட்டுக் கொண்டுவர வேண்டும். பாட்டு ஆரம்பித்தால் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாட்டுக் கொண்டுவந்தவர் மட்டும் கண்ணைத் திறந்திருப்பார். முடிந்ததும் அவர் கையைத் தூக்கிக் கனைப்பார். அதுவரைக்கும் ஒருத்தரும் கண் திறக்கக் கூடாது, பேசக் கூடாது. அப்புறம் ஆளுக்கு ஒரு பேச்சு. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லக் கூடாது.

இது வேலையில்லாதவன் வேலை என்றுதான் சாலமோன் முதலில் நினைத்தார். முதல் கூட்டத்தில் யாரோ பெரிய வித்வான் பாட்டைப் போட்டார்கள். படித்தவர்கள் எல்லாம் உருகினார்கள். இவர் முறை வந்தபோது, "பல்லு வலியோட பந்தீல குந்தினவன் மாதிரி கீது" என்றார். மாடியே சிரித்தது. பார்வதம் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதிலிருந்து இவர் என்ன சொல்லுவார் என்று எல்லாரும் காத்திருக்க ஆரம்பித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, நான் சொன்னதற்குச் சிரிக்கிறார்களா என்று அவருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் போனார். அவர் வாய் திறக்கும் வரைக்கும் நாலு பேர் காத்திருந்த இடம் வேறு எங்கே இருந்தது?

இடது காதும் போகத் தொடங்கியது. முதலில் புல்லாங்குழல் போனது. அப்புறம் பொம்பளைக் குரல். அப்புறம் எல்லாமே கம்பளிக்குள் வைத்துப் பாடுகிற மாதிரி ஆனது. பார்த்திபன் ஸ்பீக்கர்தான் மட்டமான மால் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பாவம், அவன் வேறு வாங்கி வந்தான். அதுவும் கம்பளிக்குள்ளேதான் பாடியது. சர்ச்சில் நடந்த முகாமில் காது மிஷின் ஒன்று கொடுத்தார்கள். வைத்துப் பார்த்தார். குக்கர் விசில் மண்டையைப் பிளந்தது, பாட்டு மட்டும் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி வந்தது. ஓசியில் கொடுக்கிறது இப்படித்தான் இருக்கும் என்று கழற்றி அரிசி டப்பாவில் போட்டு மூடினார்.

அப்புறம் ஒப்பேற்றல்தான். கண்ணை அரைக்கண்ணாய் வைத்துக்கொண்டு, கை தூக்குவதைப் பார்த்துத் தானும் கண்ணைத் திறப்பார். தவில், மிருதங்கம் என்றால் நாற்காலிக் கைப்பிடியில் அதிர்வு வரும். அதை வைத்து ஏதாவது சொல்லுவார். ஒரு தடவை கண்ணாயிரம் சொன்னதையே அப்படியே சொல்லிவிட்டார். இவர் கேலி பண்ணுகிறார் என்று நினைத்து எல்லாரும் விழுந்து சிரித்தார்கள். தானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இந்த லட்சணத்தில்தான் அவர் பேர் சீட்டில் வந்தது. அதுவும் வருசத்துக்கு ஒரு தடவை வெளியூர் போய்க் கூடுகிற மாதத்துக்கு. குடும்பத்தோடு வரலாம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம், வேன் பேசியாகிவிட்டது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. கொடுக்க அவரிடம் ஒரு பாட்டு இருந்தது.

போன சித்திரையில் திருக்கழுக்குன்றத்துத் திருவிழாவுக்குப் பார்த்திபன் கூட்டிப் போயிருந்தான். தெரு முக்கில் சாமி நின்றது. தவில்காரர் கையை எடுத்துவிட்டார். நாயனம் மட்டும் தனியாக எழும்பி, மேலே ஓர் இடத்தில் போய் நின்றது. நின்றது நின்றதுதான். அவருடைய அப்பன் காலத்தில் அந்தத் தெருவுக்குள் அவர்கள் நிற்க முடியாது. ஏரிக்கரையிலிருந்து சத்தம் வந்த அளவுக்குக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சாலமோன் நாயனக்காரருக்குப் பக்கத்தில், கன்னத்தில் காற்றுப் படுகிற தூரத்தில் நின்றார். அப்போது இடது காது இருந்தது. பார்த்திபன் முழுசையும் போனில் பிடித்து வைத்திருந்தான்.

அதை மன்றத்துக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை, செவிடன் என்று ஒருத்தருக்கும் தெரியாமல், சரியான நேரத்தில் கையைத் தூக்கி இறக்கிவிட்டால் போதும். அப்புறம் முழங்கால் வலி என்று சொல்லி மன்றத்திலிருந்து நின்றுகொள்ளலாம். கௌரவமாகப் போய்விடலாம்.

சிக்கல் ஒன்றுதான். தவில் இருக்கும் வரைக்கும் கையை எதிலாவது வைத்து அதிர்வைப் பிடித்துவிடலாம். கடைசியில் நாயனம் தனியாக நிற்கிற இடம்தான் அவருக்குச் சுத்தமாகக் கிடையாது. எப்போது முடிகிறது என்று எப்படித் தெரியும்?

எல்லம்மாளைப் பிடித்தார்.

"நீ என் எதுர்ல குந்திக்கோ. பாட்டு முட்ஞ்சதும் முந்தானிய இழுத்துத் தோள்ல போடு. அத்தப் பாத்து நான் கையத் தூக்கறேன்."

அவள் இடது காதில் வாயை வைத்துக் கத்தினாள். "அல்லாரும் கண்ண மூடணும்னியே?"

"நீ மூடாத. ஒன்ன யாரு பாக்கப் போறா."

"காது கேக்காத மனுசனுக்குப் பாட்டு மன்றம். அதுக்கு நான் கொடி காட்டற ரயிலு கார்டு. நல்லாக் கீதுய்யா ஒன் பொழப்பு."

திட்டினாலும் செய்வாள். அவளை நம்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எல்லம்மாள் பாட்டில் மயங்குகிறவள் இல்லை; பாட்டு என்றால் அவளுக்குத் தூக்கம். சர்ச்சில் கீர்த்தனை எடுத்ததும் தலை தொங்கும், காணிக்கைப் பை பக்கத்தில் வந்தால்தான் நிமிரும். வெற்றிலைச் சீவலைக் கொடுத்துவிட்டால் போதும், மென்றுகொண்டு காரியத்தில் கண்ணாக இருப்பாள். உலகத்தில் ஒருத்தரையும் நம்பாத சாலமோன் அந்த ஒரு விசயத்தில் அவளை முழுசாக நம்பினார்.

வேன் திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நின்றது. கண்ணாயிரம் இவரைக் காட்டி ஏதோ சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்து வைத்தார். மறுபடி வேன் கிளம்பிய இரைச்சலில் எல்லம்மாள் காதோரம் குனிந்து, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி மூஞ்சி இருக்கிறதாம் என்று சொன்னாள். உண்மைதான்.

கடலோரத்தில் சவுக்குத் தோப்பு நிழலில் ஜமக்காளம் விரித்தார்கள். பக்கத்தில் பழைய மரப்படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பார்த்திபன் ஸ்பீக்கரைப் படகின் முதுகில் வைத்தான். சாலமோன் போய்ப் படகில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல இடம். எதிரே எல்லம்மாள். அலை வந்து விழுவது அடிவயிற்றில் தெரிந்தது. திரும்பிப் போகிற சத்தம்தான் இல்லை. வந்து வந்து விழுந்துகொண்டே இருந்தது.

பார்வதம் டீச்சர் எழுந்து நாலு வார்த்தை பேசினார். எல்லாரும் இவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். கண்களை மூடினார்கள்.

மரத்தில் தவில் வந்தது. அவர் உள்ளங்கைக்குள் வந்து குதித்தது. சாலமோனுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒவ்வோர் அடியாக அவருக்குத் தெரியும். இங்கே தெரு திரும்புகிறது, இங்கே தவில்காரர் கழுத்துத் துண்டை உதறுகிறார். கண்ணாயிரம் தொடையில் தாளம் போட்டான், தப்பாக. அதைக்கூடக் கண்டுபிடித்தார். சிரிப்பு வந்தது. பிறகு மரம் அடங்கியது. தவில்காரர் கையை எடுத்துவிட்டார்.

இனிமேல் நாயனம். சாலமோன் எல்லம்மாளைப் பார்த்தார்.

எல்லம்மாள் கண்ணை மூடியிருந்தாள்.

தூங்கிவிட்டாளோ என்று முதலில் நினைத்தார். தூங்கவில்லை. தூங்கினால் வாய் திறந்துகொள்ளும். இப்போது வாய் இறுக மூடியிருந்தது, வெற்றிலை ஒரு கன்னத்தில் மெல்லாமல் அப்படியே நின்றது. முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காது வரைக்கும் போயிருந்தது. அவள் துடைக்கவில்லை. முந்தானை மடியில் கிடந்தது. அவளுக்கு அந்த ஞாபகமே இல்லை.

நாற்பது வருசத்துக்கு மேலாகக் கூட இருக்கிறாள். இந்த முகத்தை அவர் பார்த்ததில்லை.

சின்னக் கல்லாக எடுத்து அவள் மேல் போடலாமா என்று தோன்றியது. கையில் மணலை அள்ளிவிட்டுப் பிறகு விரலிடுக்கில் விட்டுவிட்டார். அவர் கொண்டுவந்தது அவளுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அதில் போய் மண்ணைப் போடுவதா? இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று நினைத்தார். எது கொஞ்சம், எது நிறைய என்றுதான் தெரியவில்லை. நாயனம் இப்போது மேலே நிற்கிறதா, இறங்கிவிட்டதா? முடிந்தே போய்விட்டதா? கையைத் தூக்கினால், அது நடுவில் என்றால், தன் பாட்டைத் தானே வெட்டிய மடையன் என்பார்கள். தூக்காவிட்டால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மன்றத்து முறை அப்படி. வலது கை அரை முழம் எழும்பும், திரும்ப இறங்கும்.

சவுக்கு ஊசி ஒன்று பார்வதம் டீச்சர் தலையில் விழுந்தது. அவர் அசையவில்லை. கண்ணாயிரம் ஒரு கண்ணைத் திறந்தான், இவர் கையைப் பார்த்தான், மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் திறந்தான். இந்தத் தடவை மூடவில்லை. ஒவ்வொருத்தராக எல்லாரும் கண்ணைத் திறந்து சாலமோனைப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. அவர் இன்னும் கை தூக்கவில்லையே. பார்த்திபன் மெல்ல எழுந்து வந்து படகின் மேலிருந்த ஸ்பீக்கரைக் கையில் எடுத்தான், அதைப் பார்த்தான், பிறகு இவரைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் சாலமோன் கையைத் தூக்கினார். எல்லாரும் ஏற்கெனவே கண்ணைத் திறந்திருந்தார்கள். எல்லம்மாள் மட்டும் மூடியிருந்தாள்.

பார்வதம் டீச்சரின் வாய் அசைந்தது. கேள்விதான், புருவத்தைப் பார்த்தால் தெரிந்தது. அவருடைய வாயையே பார்த்தார் சாலமோன். சுற்றி எல்லார் வாயையும் பார்த்தார். ஒப்பேற்ற ஒன்றும் கிடைக்கவில்லை.

"எனக்குக் கேக்கல," என்றார். "ரொம்ப நாளாவே கேக்கல."

தன் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவருக்குத் தெரியாது. எல்லம்மாள் திடுக்கிட்டுக் கண் விழித்து, முந்தானையை அவசரமாக இழுத்துத் தோளில் போட்டாள்.

அப்புறம் நடந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பார்த்திபன் கிட்டே வந்து ஸ்பீக்கரை அவர் காதோடு வைத்து நாயனத்தை முழுச் சத்தத்தில் திரும்பவும் போட்டான். கன்னம் மட்டும் அதிர்ந்தது. அந்தக் காதில் வைத்தான், இந்தக் காதில் வைத்தான். அவர் அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். டீச்சர் காதருகில் குனிந்து, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று ஏதேதோ சொன்னார்; பாதி விழுந்தது. யாரோ வேனிலிருந்து நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். கண்ணாயிரம் தோளில் கை போட்டான். முறுக்கு மீசை நடுங்க, இடது காதில் கத்தினான்.

"நீ எப்பவும் போல வா. உனுக்கு இன்னா, நீ சும்மா குந்தியிரு. டீ வாங்கியாறது, டம்ளர் குலுக்கறது, அதெல்லாம் இனிமே ஒன் டிபார்ட்மெண்டு."

எல்லாரும் தலையாட்டினார்கள். யாரோ பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி அவர் கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

திரும்பும்போது வேனில் எல்லம்மாள் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தாள். பிறகு காதோரம் வந்தாள்.

"மறந்துட்டன்யா."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்க இருந்தது.

"கடசீல இன்னா ஆச்சி? நாயனம் மேல போய் நின்னுச்சே. எவ்ளோ நேரம் நின்னுச்சி?"

எல்லம்மாள் சொல்ல வாயெடுத்தாள். ஏதோ சொன்னாள், நிறுத்தினாள், அது இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு பேச்சை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள். மடியிலிருந்து மெதுவாக, தண்ணீர் நிரம்பிய சொம்பைத் தூக்குகிற மாதிரி, முகத்துக்கு நேரே கொண்டுபோனாள், அதற்கும் மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். விரல் லேசாக நடுங்கியது. சாலமோன் கண் இமைக்காமல் பார்த்தார். முன் சீட்டில் கண்ணாயிரம் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கை நின்றது. இன்னும் நின்றது.

வேன் வேகத்தடையில் ஏறிக் குதித்தது. அவள் கை மடியில் விழுந்தது.

"அவ்ளோதானா?" என்று கேட்டார் சாலமோன். பாட்டு அங்கேதான் முடிந்ததா, வேன் குதித்ததால் கை விழுந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

எல்லம்மாள் அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள்; அது அவர் காதில் விழவில்லை. வேன் திருக்கழுக்குன்றத்துத் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவள் உதட்டைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.