கை நனைக்காத மேசை

நிரூபா இந்த ஆர்ஜென்ரீனா ரெஸ்ரோரண்டைத் தெரிவு செய்ததற்கு ஒரேயொரு காரணம்தான். அது யாருடைய வீடும் இல்லை.

கலியாணப் பேச்சு முற்றாகும் முன்னம் மாப்பிள்ளை பகுதி பொம்பிளை வீட்டில் கை நனைக்காது. தேத்தண்ணி கூட வேண்டாம் என்று கும்பிட்டுவிடுவார்கள். ஒரு வாய் வைத்தால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று ஆகிவிடுமாம். போன வருசம் வந்த ஒரு பகுதி, அம்மா விடிய வெள்ளன எழும்பிப் பொரித்த நாற்பது ரோல்ஸையும் மணந்து பார்த்துவிட்டு எழும்பிப் போனது. ஒரு கிழமையாக அதை மல்கிரேவில் இருக்கிற வேலையிடத்துக்குக் காவிக் காவி நிரூபாவுக்கு ரோல்ஸ் என்றாலே ஓங்காளம் வந்தது. அதனால் இந்த முறை பொது இடம், எல்லாரும் வயிறாறச் சாப்பிட்டுக் கதைக்கலாம் என்று மூளையைப் பாவித்தாள். அந்த மூளை பதினைந்து நிமிசம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி, காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் சேர்ந்த பிரஞ்ச். ‘மாடு வேண்டாம், ஆடும் கோழியும் போதும்’ என்று ரெஸ்ரோரண்டுக்கு முதலே எழுதி அனுப்பியிருந்தாள். மெல்பேணின் கிரான்பர்னில் இருந்து அவளும், அம்மா இராஜேஸ்வரியும், அப்பா கேதீஸ்வரனும் வந்திருந்தார்கள். சிட்னியில் இருந்து காலைப் பிளேனில் தனோஜன் தாய் ரஞ்சினியோடும் தகப்பன் சிவசோதியோடும் வந்து இறங்கியிருந்தான்.

தனோஜனோடு அவள் எட்டு மாதமாகக் கதைக்கிறாள். குறிப்பும் பொருந்தியது, மனமும் பொருந்தியது. மிச்சம் ஒன்றுதான். கலியாணத்துக்குப் பிறகு இருப்பது மெல்பேணிலா, சிட்னியிலா? அவளுக்கு வேலை இங்கே. தாய் தகப்பனுக்கு அவள் ஒரே பிள்ளை. அவனுடைய வேலை லாப்டொப்புக்குள் இருக்கிறது, சந்திரனில் இருந்தும் செய்யலாம். “நான் மெல்பேணுக்கு வாறன் நிரூ. அம்மாவுக்கு முன்னால நானே சொல்லுறன்” என்று வெள்ளிக்கிழமையும் போனில் சொன்னவன். அந்த ஒரு வசனத்தைத் தன் காதால் கேட்கத்தான் அவள் நீலச் சீலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

முதல் தட்டு வந்தது. எம்பனாடா என்றார்கள். பார்த்தால், இறைச்சி அடைத்துப் பொரிக்கிற எங்கள் பற்றிஸின் ஒன்றுவிட்ட தங்கச்சி. மணத்தில் ஆறு பேருக்கும் வாய் ஊறியது.

“வடிவா இருக்கு,” என்றாள் ரஞ்சினி. “ஆனா நாங்கள் பிளேனில சாப்பிட்டிட்டம்.”

“அன்ரி, இது ரெஸ்ரோரண்ட்தானே. எங்கட வீடு இல்லை.”

“மேசை ஆற்ற பேரில போட்டிருக்கு பிள்ளை?”

“என்ர பேரில.”

“அதுதான் சொல்லுறன்.”

முடிந்தது கதை. ஒரு மேசையும் ஆறு கதிரையும் சேர்ந்து அந்த நிமிசத்தில் இருந்து பொம்பிளை வீடு. மாப்பிள்ளை பகுதி கை வைக்காத சாப்பாட்டில் பொம்பிளை பகுதி எப்படிக் கை வைக்கும்? இராஜேஸ்வரியும் முள்ளுக்கரண்டியைத் தள்ளி வைத்தாள். தண்ணீராவது குடிக்கலாமோ என்று ஒரு ஆராய்ச்சி நடந்தது. வெறும் தண்ணி பரவாயில்லை, எலுமிச்சைத் துண்டு மிதந்தால் அது சாப்பாடு என்று ரஞ்சினி தீர்ப்புச் சொன்னாள். ஆறு கிளாசிலும் எலுமிச்சை மிதந்தது. பச்சைத் தண்ணியும் பல்லில் படாமல் ஆறு பேரும் இருந்தார்கள்.

“அப்ப விசயத்தை முற்றாக்கிப்போட்டுச் சாப்பிடுவமே,” என்றார் கேதீஸ்வரன், எம்பனாடாவைப் பார்த்தபடி.

“எங்களுக்கு எல்லாம் சரி. பிள்ளை சிட்னிக்கு வருவாதானே?” என்றாள் ரஞ்சினி.

நிரூபா தனோஜனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான். சேட்டுக் கொலரைச் சரி பண்ணினான். பிறகு போனை எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதில் எதையோ அக்கறையாக வாசித்தான்.

“அதைப் பிள்ளையள் தங்களுக்குள்ள கதைச்சு முடிவெடுப்பினம்,” என்றாள் இராஜேஸ்வரி.

“அதுக்கென்ன, ஆறுதலாக் கதைக்கட்டும்,” என்றாள் ரஞ்சினி. அதோடு பேச்சு படுத்துவிட்டது.

கோழி வந்து ஆறியது. ஆட்டு விலா வந்து ஆறியது. இரும்புச் சட்டியில் உருகி வந்த சீஸ் இறுகிக் கல்லாகியது. பன்னிரண்டு மணிக்குச் சமையல்காரர் ஹெர்னான் ஏப்ரனோடு வெளியே வந்தார். ஆறடி மனிசன், முகம் வாடிப்போயிருந்தது. என் கையில் என்ன பிழை என்று கேட்டார். நிரூபா மெல்லிய குரலில் விளங்கப்படுத்தினாள். அவர்கள் ஒரு வாய் சாப்பிட்டால் எங்களுக்குக் கலியாணம், அதனால் சாப்பிடுகிறார்கள் இல்லை.

அந்த மனிசன் அதை எப்படி எடுத்தாரோ, நெஞ்சில் கை வைத்தார். இந்தக் கலியாணம் இனி என் பொறுப்பு என்றார். விசர் அன்றைக்கு ஒரு பகுதிக்கு மட்டும் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அரை மணிக்கு ஒரு தட்டு வந்தது. அவரே கொண்டுவந்து வைப்பார், தள்ளி நின்று ரஞ்சினியின் வாயைப் பார்ப்பார். ரஞ்சினி வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிரிப்பாள். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு குசினிக்குத் திரும்புவார்.

மூன்று மணிக்குக் கடையைப் பூட்டினார்கள். ஆனால் இந்த மேசையை எழுப்ப ஹெர்னான் விடவில்லை. இவர்களும் எழும்பவில்லை. முதலில் எழும்புகிற பகுதிதான் சம்பந்தத்தை முறித்த பகுதி என்று ஊர் கதைக்கும், அந்தப் பழியை யார் ஏற்பது? வேலைக்காரர் பக்கத்து மேசையில் இருந்து தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். எலும்பை உறிஞ்சுகிற சத்தம் கேட்கக் கேட்க இராஜேஸ்வரி கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்தாள். சீனி வருத்தக்காரி, காலையில் மருந்து போட்டவள். “அம்மா, நீங்கள் எண்டாலும் சாப்பிடுங்கோ” என்று நிரூபா காதுக்குள் கெஞ்சினாள். “உனக்குச் சரிவரட்டும், நான் பிறகு சாப்பிடுறன்,” என்று அம்மா கைப்பையில் இருந்து ஒரு டொபியை எடுத்து வாயில் போட்டாள். சொந்த டொபி, அதற்குச் சட்டம் இல்லை.

தகப்பன்மார் இருவரும் மட்டும் அடிக்கடி எழும்பினார்கள். “பார்க்கிங் மீற்றர் பார்த்திட்டு வாறம்” என்று சோடியாகப் போய், இருபது நிமிசத்தால் சோடியாக வந்தார்கள். ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரு களை கூடியிருந்தது. நிரூபா காரை விட்டது நாள் முழுக்க நிற்கக்கூடிய மாடிக் கார்ப்பார்க்கில். அங்கே மீற்றர் என்று ஒன்று கிடையாது. பசியில் அவளுக்கு அது உடனே மூளையில் ஓடவில்லை.

ஆறு மணிக்கு டின்னர் தொடங்கியது. மேசையில் மெழுகுதிரி ஏற்றினார்கள். ஏழரை மணித்தியாலமாக அவள் தனோஜனுக்கு நேரே இருக்கிறாள். ஏழரை மணித்தியாலத்தில் அவன் மூன்று முறை வாய் திறந்தான். மூன்று முறையும் வைஃபை பாஸ்வேர்ட் கேட்டான். பயந்தவன் பாவம், இருட்டினால் துணிவு வரும், என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போது ஹெர்னான் ஒரு முழு ஆட்டுத் தொடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வைத்துவிட்டு, இரண்டு தகப்பன்மாரின் தோளிலும் கை போட்டார். “நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். பன்னிரண்டு எம்பனாடா, ஒரு முழுக் கோழி. என் அடுப்படியில் இப்படிச் சாப்பிட்டவர்களை நான் கண்டதில்லை,” என்றார் சந்தோசமாக.

சிவசோதியின் மீசையில் பச்சைச் சோசு இன்னும் காயவில்லை. கேதீஸ்வரன் கூரையில் இருந்த மின்விசிறியைப் படித்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ,” என்றாள் ரஞ்சினி புருசனிடம். “மீற்றர் என்ன சொல்லிச்சுது?”

சிவசோதி மீசையைத் துடைத்தார்.

ரஞ்சினி ஆட்டுத் தொடையைப் பார்த்தாள். அவளும் மனிசிதானே, அவளுக்கும் குடல் கருகிக்கொண்டுதான் இருந்தது. “சரி, என்ன செய்யிறது. எங்கட பகுதி கை நனைச்சாச்சு. இனி முற்றெண்டுதான் எடுக்கோணும்,” என்று சொல்லிக்கொண்டே பெரிய துண்டொன்றை இழுத்துத் தட்டில் போட்டாள். “பிள்ளை, தை மாசம் கலியாணம். மாசியில சிட்னிக்கு வந்திடும்.”

எல்லாரும் சாப்பாட்டில் விழுந்தார்கள். பின்னால் ஹெர்னான் கண்ணைத் துடைத்தார். குசினிக்காரர் கை தட்டினார்கள். அம்மாவின் கையும் ஒரு துண்டை எடுத்துவிட்டது.

நிரூபா எடுக்கவில்லை. “தனோஜன்,” என்றாள். “நீங்கள் ஏதோ சொல்லுறதெண்டு சொன்னனீங்கள்.”

அவன் வாய் நிறைய இறைச்சி. மென்றுகொண்டே தாயைப் பார்த்தான். பிறகு இவளைப் பார்த்து, கையால் சைகை காட்டினான். பிறகு, பிறகு பார்ப்பம்.

எட்டு மாதமாக அவள் போனில் கதைத்தவன் இவன்தான். அவளுக்கு நெஞ்சு நொந்தது. நல்லாகத்தான் நொந்தது, அவனை அவளுக்கு உண்மையிலேயே விருப்பம். தன் முன்னால் இருந்த தட்டை மெல்ல மேசை நடுவுக்குத் தள்ளினாள்.

“வெக்கப்படாமல் சாப்பிடும் பிள்ளை,” என்றாள் ரஞ்சினி.

“வெக்கம் இல்லை அன்ரி. எனக்கு இன்னும் முற்றாகேல்லை.”

ரஞ்சினியின் முள்ளுக்கரண்டி பாதி வழியில் நின்றது. தனோஜன் அவசரமாக விழுங்கி, “நிரூ, அம்மாவோட நான் ஆறுதலா...” என்று தொடங்கி, தாயின் முகத்தைக் கண்டு அங்கேயே நிறுத்தினான்.

இராஜேஸ்வரியின் கையில் இறைச்சித் துண்டு உதட்டுக்குக் கிட்டே இருந்தது. எட்டு மணித்தியாலப் பசி. அவள் மகளைப் பார்த்தாள். துண்டைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

“எழும்பு பிள்ளை. போவம்.”

“இராசேஸ், நான் சாப்பிட்டிட்டனே. அப்ப அது கணக்கில்லையே?” என்றார் கேதீஸ்வரன் தடுமாறி.

“அப்ப நீங்களே அந்தப் பெடியனைக் கட்டுங்கோ,” என்றாள் இராஜேஸ்வரி.

மாடிக் கார்ப்பார்க்கில் நிரூபாவால் சாவியைத் துவாரத்தில் போட முடியவில்லை. ஸ்ரியரிங்கில் தலையை வைத்து விக்கி விக்கி அழுதாள். பின்சீட்டில் அப்பா ஏப்பத்தை விழுங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவள் முதுகைத் தடவினாள்.

“அழு. அழவேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. ஆனா வீட்டை போய், சாப்பிட்டிட்டு அழு.”